தனிக் கோயில் கட்டித் தருகிறோம் என்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: நான் வன்னியில் ஒரு கடலோரப் பங்கைச் சேர்ந்த மறைக்கல்வி ஆசிரியை. வயது 34. எங்கள் பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். கோயிலிலிருந்து இரண்டரை மைல் தள்ளி எங்கள் கொலனி இருக்கிறது. 62 கத்தோலிக்கக் குடும்பங்கள். பங்குச் சபையில் உள்ள 15 பேரில் எங்கள் பக்கம் ஒருவர்தான். பெருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் வழிபாடான நவநாட்களை நடத்தும் பொறுப்பு ஊருக்குள் பரம்பரையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பந்தல் போடவும் தண்ணீர் அள்ளவும் எங்களைக் கூப்பிடுவார்கள். பவனியில் புனிதரின் சுரூபம் வைத்த கூடு தூக்க விடமாட்டார்கள். கடந்த மார்கழியில் என் தகப்பனார் இறந்தார். சேமக்காலையில் "உங்கள் ஆட்களின் இடம்" பின்மூலை, பள்ளம். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்தும் நிற்கவில்லை. பெட்டியை இறக்கியபோது அது மிதந்தது. இரண்டு பேர் மண்வெட்டிப் பிடியால் அழுத்திப் பிடிக்க, மண்ணைப் போட்டு மூடினோம். முன்பக்கத்து மேட்டில் இடம் இருந்தது. பங்குத்தந்தையிடம் கேட்டதற்கு, "பெருநாள் முடியட்டும், மெதுவாகப் பார்ப்போம்" என்றார். இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் கொலனிக்குத் தனியாக ஒரு சிறு கோயிலும் சேமக்காலையும் அமைத்துத் தர முன்வந்திருக்கிறார். எங்களில் பாதிப் பேர் "மானத்தோடு இருக்கலாம், வாங்கிக்கொள்வோம்" என்கிறார்கள். மற்றவர்கள் "நவநாளில் எங்களுக்கும் ஒரு நாள் கேட்போம்" என்கிறார்கள். எது சரி? சட்டத்தில் எங்களுக்கு இடம் இருக்கிறதா? இதையெல்லாம் கேட்பது திருச்சபையை எதிர்த்த பாவமாகுமா?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் தகப்பனாருக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாறுதல் அளிப்பாராக. மிதந்த பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளை வாசித்துவிட்டு அன்று நான் வேறு கடிதம் எதையும் பிரிக்கவில்லை.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது உங்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதை எடுக்காமல் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை. கேட்பது பாவம் இல்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். தங்கள் தேவைகளை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க விசுவாசிகளுக்குச் சுதந்திரம் உண்டு என்று 212ஆம் சட்டம் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. திருச்சபையின் நன்மைக்கடுத்த விடயங்களில் கருத்தைத் தெரிவிப்பது உரிமை மட்டுமல்ல, சில வேளைகளில் கடமையும் கூட என்கிறது. திருமுழுக்குப் பெற்றவர்கள் எல்லோரும் மாண்பிலும் செயலிலும் சமமானவர்கள் என்பது 208ஆம் சட்டம். சமூக நீதியை வளர்ப்பது விசுவாசிகளின் கடமை என்பது 222. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறீர்கள். யாக்கோபு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்: பொன் மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, ஏழையைக் கால்மணை அருகே உட்காரச் சொன்னால் நீங்கள் தீய எண்ணத்தோடு தீர்ப்பிடுகிறவர்கள் அல்லவா என்று அவர் கேட்கிறார். உங்கள் கேள்வி அதே கேள்விதான்.

உங்களுக்கு ஆலோசனை சொல்லுமுன் நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் கூடு தூக்கும் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் ஊர்ப் பெருநாளில் முன் வலப்பக்கத் தண்டு என் தகப்பனாருக்கு உரியது. அவருக்கு முன் அவருடைய தகப்பனாருக்கு. கூடு சுற்றி வந்த இரவுகளில் தண்டு அழுத்திச் சிவந்த தோளுக்கு அம்மா நல்லெண்ணெய் தடவி உருவிவிடுவார். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டு வளர்ந்த பிள்ளை நான். அந்தத் தண்டின் பக்கம் வரக் கூடாதவர்கள் என்று சிலர் ஒதுங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் ஷெல் பட்டு அப்பா இறந்தார். பெட்டி இல்லை. அம்மாவின் சேலையில் சுற்றினோம். பங்கருக்குப் பக்கத்து மணலில் இரண்டு பேர் குழி வெட்டினார்கள். ஒருவர் எங்கள் சொந்தக்காரர். மற்றவர் கிளிநொச்சிப் பக்கத்துக் கொலனி ஒன்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். நாலைந்து நாள் பழக்கம்தான். குழி வெட்டி முடிந்ததும் அவர் தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து நான்காக மடித்து, அப்பாவின் தலைக்குக் கீழே வைத்தார். "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கியதும் அவர்தான். எங்களுக்குக் குரல் வரவில்லை. அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் தகப்பனாரின் பெட்டியை மண்வெட்டிப் பிடியால் அழுத்தினார்கள் என்று வாசித்தபோது எனக்கு அந்தத் துவாய்தான் கண்ணுக்கு முன் வந்தது.

போருக்குப் பின் இருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு நின்ற வரிசையில் யார் எந்த ஊர், எந்த ஆட்கள் என்று எவரும் பார்க்கவில்லை. மீள்குடியேறி வந்து தறப்பாளுக்குக் கீழ் ஒப்புக்கொடுத்த முதற்பூசையிலும் பார்க்கவில்லை. பிறகு கோயில் சுவர் எழும்பியது. வெளிநாட்டிலிருந்து பெருநாள் காசு வந்தது. காசு வந்த கையோடு "பரம்பரை உரிமை" என்ற பேச்சும் திரும்பி வந்தது. உங்கள் பங்கில் மட்டும் நடந்த கதை இல்லை இது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நவநாளையும் கூட்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள், சேமக்காலையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கம் மிகப் பலமாக இருப்பது அங்கேதான். பங்குக்குச் சொந்தமாகச் சேமக்காலை இருந்தால், இறந்தவரோ உரித்துடையவர்களோ வேறிடத்தைத் தெரிந்துகொண்டாலன்றி, அந்தப் பங்கின் விசுவாசிகளை அங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்பது 1180ஆம் சட்டம். அதற்கு அடுத்த 1181ஆம் சட்டம், அடக்கச் சடங்குகளில் ஆள் பார்த்து நடத்துவது கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்று எச்சரிக்கிறது. சேமக்காலைக்குள் "உங்கள் ஆட்கள்", "எங்கள் ஆட்கள்" என்று கோடு போடச் சொல்லும் சட்டம் அந்தத் தொகுப்பில் எங்கும் இல்லை. அந்தக் கோடு எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். பங்குச் சபைக் கூட்டறிக்கையில் தீர்மானமாக இருக்கிறதா? என் அனுபவத்தில் அப்படி எதுவும் இருப்பதில்லை. யாரோ ஒரு மூப்பர் சொன்னது, அடுத்தவர் பின்பற்றியது, அவ்வளவுதான். எழுதப்படாத வழக்கத்தை "எழுதித் தாருங்கள்" என்று கேட்டாலே பாதி ஆட்டம் கண்டுவிடும். கோயிலுக்குள் இப்படி ஒரு பிரிவினை உண்டு என்று கடிதத்தில் கையொப்பம் இட எந்தக் குருவும் துணியமாட்டார்.

நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி, இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றின் காரணமாக எவரும் தமது சொந்த மதத்தின் பொது வழிபாட்டிடத்துக்குச் செல்வதில் கட்டுப்பாட்டுக்கு உள்ளாக்கப்படக் கூடாது என்கிறது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவர் வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை எங்கள் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். சைவர்களின் விவகாரம் என்ற தொனியில் சொல்வார்கள். எங்கள் கூட்டுத் தண்டையும் சேமக்காலையையும் அந்தக் கதையோடு சேர்த்து யோசித்தவர்கள் குறைவு.

ஆனால் பொலிசுக்குத்தான் முதலில் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உங்களைக் கோயிலுக்குள் வர விடாமல் யாரும் தடுக்கவில்லை. உள்ளே வந்தபின் ஓரத்தில் நிறுத்துகிறார்கள். "தோட்டத்து ஆட்கள்", "இந்தியாக்காரர்" என்ற பெயரில் நிறுத்துகிறார்கள். அந்தப் பெயருக்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது. பிறந்த இடத்தின் பெயரால் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தி சொல்கிறது; வழிபாட்டிடத்தைப் பற்றிப் பேசும் மூன்றாம் பந்தியில் "பிறந்த இடம்" என்ற சொல் இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரசின் நிருவாகச் செயல்களுக்கு எதிராகத்தான் உயர் நீதிமன்றத்தில் எடுக்கப்படும். பங்குச் சபை அரசு நிறுவனம் அல்ல. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இந்த இடைவெளிகளைத்தான் முதலில் பிடிப்பார். வழக்கு தவணை தவணையாக இழுபடும். அதற்கிடையில் பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்ப வேண்டியவர்கள் நீதவான் நீதிமன்ற வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். அடியோ மிரட்டலோ வந்தால் அன்றே பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். அதில் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மற்றபடி உங்கள் சண்டைக்குரிய களம் திருச்சபைச் சட்டம்தான். இதை நான் பயத்தால் சொல்லவில்லை. அங்கே உங்கள் கை ஓங்கி இருக்கிறது.

தனிக் கோயில்: வாங்கிக்கொள்ள வேண்டாம்.

"மானத்தோடு இருக்கலாம்" என்று சொல்கிறவர்களின் வலி எனக்கு விளங்குகிறது. அவமானப்பட்டுப் பட்டு அலுத்தவர்கள் தங்களுக்கென்று ஒரு கூரையைக் கேட்பது இயல்பு. ஆனால் அந்தக் கூரையை யார் தருகிறார், எதற்காகத் தருகிறார் என்று பாருங்கள். நீங்கள் சேமக்காலையைப் பற்றிக் கேட்டபிறகுதான் அந்தக் கொடை வந்திருக்கிறது. தனிச் சேமக்காலையும் சேர்ந்து வருகிறது. அப்படியானால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேள்வி கேட்டவர்களை இரண்டரை மைலுக்கு அப்பால் வைக்கும் ஏற்பாடு அது. கொடுப்பவர் நல்ல மனத்தோடு கொடுக்கக்கூடும், விளைவு அதுதான்.

சட்டப்படியும் அது கொடையாளரும் பங்குச் சபையும் பேசி முடிக்கும் காரியம் அல்ல. ஆயரின் எழுத்துமூலமான வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோயிலும் கட்டக் கூடாது. குருக்கள் மன்றத்தையும் அயற் கோயில்களின் பொறுப்பாளர்களையும் அவர் கேட்டறிய வேண்டும். இது 1215ஆம் சட்டம். நிபந்தனையோடு வரும் நன்கொடையை ஏற்க ஆயரின் அல்லது குருமுதல்வரின் அனுமதி வேண்டும் என்று 1267ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. ஆகவே "அடுத்த மாதம் அத்திவாரம்" என்று யாராவது அவசரப்படுத்தினால் ஆயர் இல்லத்து அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்குப் பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு. கால்சட்டையின் இரண்டு கால்கள் போல. மேல் என்று எண்ணிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம், நடுவில் சுவர். சண்டை வராமல் இருக்க அன்றைய குருக்கள் கண்டுபிடித்த வழி அது. சண்டை நின்றதா? 1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள். உடனே, சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று வெள்ளாளப் பிள்ளைமாரும் முதலிமாரும் ஆயருக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அவர்கள் கேட்டதைக் கொடுக்கவில்லை. சுவர் இருந்த காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பிறப்புரிமையாகத் தெரிந்தது என்பதுதான் அந்த வழக்கில் என்னை உலுக்கிய விடயம். உங்கள் கொலனியில் தனிக் கோயில் எழுந்தால், இன்று மூன்று வயதாக இருக்கும் ஊர்ப்பிள்ளை இருபது வயதில் "உங்களுக்குத்தான் தனிக் கோயில் இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்கும். அந்தப் பிள்ளையில் பிழை சொல்லவும் முடியாது.

இதோடு ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டரை மைல் நடக்க முடியாத கிழவிகள் உங்கள் கொலனியில் இருப்பார்கள். மாரியில் பாதை மூழ்கிவிடும். அவர்களுக்காக ஒரு செபக் கொட்டில் வேண்டும், மாதத்தில் ஒரு நாள் குருவானவர் வந்து பூசை வைக்க வேண்டும் என்பது நியாயமான தேவை. அதைத் தாராளமாகக் கேளுங்கள். வித்தியாசத்தை எப்படி அறிவது? அந்தக் கொட்டில் பங்கின் சொத்தாக இருக்குமா, ஊரார் அங்கே பூசைக்கு வந்து உங்கள் பக்கத்தில் பாயில் இருப்பார்களா, சேமக்காலை ஒன்றாகவே இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். சேமக்காலை இரண்டு என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நவநாளில் ஒரு நாள் கேட்கலாமா? உங்களில் மற்றப் பாதியினர் இதைக் கேட்டுக் கோபப்படக்கூடும், ஆனாலும் சொல்கிறேன்: ஒரு நாள் கேட்காதீர்கள். ஒரு நாள் கிடைத்தால் அது "கொலனி நாள்" ஆகும். அன்று ஊரிலிருந்து யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணத் தொடங்குவீர்கள். அடுத்த ஆண்டு உங்கள் நாளின் மின்விளக்கும் பாண்டு வாத்தியமும் மற்ற நாட்களை விடக் குறைந்துவிடக் கூடாது என்று தலைக்கு இவ்வளவு காசு என்று வரி போடுவீர்கள். மேசன் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிற குடும்பங்கள் நகையை அடகு வைக்கும். பரம்பரையாகப் பங்கு பிரிக்கும் முறை அப்படியே இருக்க, உங்களையும் அதில் ஒரு பங்காளி ஆக்கிவிடுவார்கள். நாளை உங்களுக்குப் பின்னால் வந்து குடியேறுகிறவர்கள் வெளியே நிற்பார்கள். அப்போது தடுக்கிறவர்கள் நீங்களாக இருப்பீர்கள்.

முறையையே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பங்கிலுள்ள அன்பியங்கள், அதாவது அயல் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள், எல்லாவற்றின் பெயர்களையும் எழுதி, ஆண்டுதோறும் பீடத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டு நவநாட்களைப் பகிரட்டும். ஒரு நாளுக்கு இரண்டு மூன்று அன்பியங்கள், ஊரும் கொலனியும் கலந்து வரும்படி. கூடு தூக்குவதற்கும் அப்படியே: திருமுழுக்குப் பெற்று, அன்று தோள் கொடுக்கத் தயாராக இருக்கும் எவரும் பெயர் கொடுக்கலாம். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தபோது திருத்தூதர்கள் செய்தது இதுதான். மன்றாடினார்கள், சீட்டுப் போட்டார்கள். யாருடைய பாட்டன் யார் என்று பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லாத ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும்: கணக்கு. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், பெருநாள் வரி வாங்குகிறார்கள், ஆனால் கணக்கு உங்கள் கொலனிக்கு வருகிறதா? திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை யோசியுங்கள். எருசலேமில் முதல் திருச்சபையில் எழுந்த முறுமுறுப்பும் இதே மாதிரியானதுதான். கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை. வந்தவர்கள், பேச்சு வேறு, ஓரத்தில் நின்றவர்கள். திருத்தூதர்கள் அவர்களுக்குத் தனிப் பந்தி போடவில்லை. பொறுமையாக இருங்கள் என்றும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களை வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு செய்த பக்கத்தின் கையிலேயே பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537ஆம் சட்டம். பங்கு மேய்ப்புப்பணிச் சபைக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான். ஆனால் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும், அதில் ஆயருக்கும் விருப்பம் பார்க்க இடமில்லை. விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287 சொல்கிறது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்று 1267இன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. 2024 ஒக்டோபரில் உரோமையில் நிறைவெய்திய ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும் இதையே வலியுறுத்துகிறது: பங்கேற்புச் சபைகள் பெயருக்கு இருக்கக் கூடாது, கணக்கும் பொறுப்புக்கூறலும் எல்லா மட்டத்திலும் வேண்டும். நிதிக்குழுவில் கொலனியிலிருந்து இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கூட்டுக்குத் தோள் கொடுப்பதைவிடக் கணக்குப் புத்தகத்தில் கண் வைப்பது உங்கள் நிலையை விரைவாக மாற்றும். பள்ளத்தில் கிடக்கும் சேமக்காலை மூலைக்கு மண் நிரப்பி வாய்க்கால் வெட்ட எவ்வளவு செலவாகும், வாணவேடிக்கைக்கு எவ்வளவு போனது என்று இரண்டு வரிகளையும் ஒரே பக்கத்தில் பார்த்தால் ஊராரிலேயே பலர் உங்கள் பக்கம் பேசுவார்கள்.

அந்த ஊராரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களைக் கொடியவர்களாக நினைத்துக்கொண்டு பேசப் போகாதீர்கள். படகு போனது, வலை போனது, பிள்ளைகள் போனார்கள், காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தோடு இன்றும் பந்தலில் இருக்கிற தாய்மார் அந்த ஊரிலும் உண்டு. எல்லாம் போய்த் திரும்பி வந்த இடத்தில் பெருநாள் ஒன்றுதான் அவர்களுக்குப் பழையபடி கிடைத்தது. அதில் யாராவது கை வைத்தால் பதறுகிறார்கள். அவர்களிடம் இரணைதீவைப் பற்றிப் பேசுங்கள். 1992இல் இடம்பெயர்ந்த மீனவ மக்கள் ஓராண்டளவு போராடிவிட்டு, 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே தீவுக்குத் திரும்பினார்கள். குருக்கள் அவர்களோடு நின்றார்கள். வன்னிக் கத்தோலிக்கர் எல்லோரும் அதை எங்கள் வெற்றி என்று கொண்டாடினோம். தங்கள் சொந்த மண்ணில் வாழும் உரிமைக்காக அவர்கள் போனார்கள். அந்த நியாயம் நெஞ்சில் பட்டவர்களுக்கு உங்கள் நியாயம் அந்நியமாகத் தெரியாது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், குறை நினைக்காதீர்கள். உங்கள் கொலனிக்குள் எல்லோரும் ஒரே பாயில் இருக்கிறீர்களா? மலையிலிருந்து வரும்போது லயத்து வீட்டுச் சாதிப் பேச்சும் சில குடும்பங்களோடு சேர்ந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கலியாணம் பேசும்போது அது வெளியே வரும். பங்குச் சபைக்கு உங்கள் பக்கத்திலிருந்து போகும் அந்த ஒருவர் என்றைக்காவது ஒரு பெண்ணாக இருந்திருக்கிறாரா? கோரிக்கைக் கடிதத்துக்கு முன்னால் இதை நீங்கள் உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும். நாளை ஊரார் இதைத்தான் முதலில் எடுத்து எறிவார்கள்; அவர்கள் எறியாவிட்டாலும் இது சரியாக வேண்டியது.

இனிச் செய்ய வேண்டியது. கடிதம் பங்குத்தந்தையின் பெயருக்கே போகட்டும். சட்டப்படி பங்கின் சார்பாகப் பொறுப்புக் கூறுகிறவர் அவர்தான். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். சேமக்காலையில் இடம் ஒதுக்குவதில் பிரிவு கூடாது, அடுத்த அடக்கம் வரிசைப்படி அடுத்த வெற்றிடத்தில், யாராக இருந்தாலும். நிதிக்குழுவில் இரண்டு பேர், ஆண்டுக் கணக்கு கோயில் அறிவிப்புப் பலகையில். பெருநாள் பொறுப்புகள் சீட்டு முறையில். உங்கள் தகப்பனாரின் அடக்கத்தில் நடந்ததை, திகதியோடு, கோபச் சொல் இல்லாமல் ஒரு பந்தியில் எழுதுங்கள். மண்வெட்டி பிடித்த இருவரும் சாட்சியாகக் கையொப்பம் இடட்டும். 62 குடும்பங்களிலும் ஆணும் பெண்ணும் கையொப்பம் இட வேண்டும். ஊரிலிருந்து ஐந்து கையொப்பமாவது வாங்கப் பாருங்கள். உங்களோடு மறைக்கல்வி படிப்பிக்கிறவர்களிடம் முதலில் கேளுங்கள். கிடைக்கும் என்றே நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை முகநூலில் போட வேண்டாம். போட்டால் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் சண்டை பிடிப்பார்கள். தீர்க்க வேண்டியவர்கள் வாய் மூடிவிடுவார்கள்.

குருவானவர் கோரிக்கையை எழுத்தில் மறுத்தால், அதை மாற்றும்படி முதலில் அவரிடமே கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுப்புக் கிடைத்ததிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் நேராக ஆயரிடம் மேல்முறையீடு. பதிலே வராவிட்டால், மூன்று மாதம் கடந்ததும் அது மறுப்பாகவே கொள்ளப்படும் என்று 57ஆம் சட்டம் சொல்கிறது. அப்போதும் நேராக ஆயரிடம் போகலாம், அதற்கும் பதினைந்து நாட்கள்தான். உங்கள் பங்குத்தந்தை கெட்டவராகத் தெரியவில்லை, பயந்தவராகத் தெரிகிறார். அவருக்கும் சில ஆண்டுகளில் மாற்றம் வரும், புதியவர் வந்து "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பார். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள் என்கிறேன். ஓர் எழுத்துமூலத் தீர்மானம் அவருக்கே கவசம்; ஊரார் கேட்டால் "சட்டம் அப்படி" என்று அவர் சொல்லலாம்.

நவம்பர் 2, மரித்த விசுவாசிகளின் நினைவு நாளுக்கு எப்படியும் சேமக்காலையைத் துப்புரவாக்குவார்கள். மாரி பிடிக்குமுன் பின்மூலைக்கு மண் போடுவதும் வாய்க்கால் வெட்டுவதும் அந்த வேலையோடு நடக்கலாம். ஆகவே கடிதம் ஆவணி முடியுமுன் அவர் கையில் இருக்க வேண்டும். இரண்டு பிரதிகள் எடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் பங்குத்தந்தையின் கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் எண்ணப்படுவது கடிதம் அவர் கையில் கிடைத்த திகதியிலிருந்துதான்.